கட்டைபறிச்சான் ஆள் வாறார்

எங்கள் வீட்டில் இரண்டு கட்டைகள். ஒன்று குசினிச் சுவரோரம் நிற்கிற பூவரசங்கட்டை. மற்றது நான். உயரத்தில் நான் கொஞ்சம் கட்டை. இரண்டில் எதை முதலில் அப்புறப்படுத்துவது என்பதில் என் மனைவி அருள்மலருக்கு நெடுநாளாகவே ஒரு குழப்பம் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த கையோடு, அந்தக் குழப்பத்தை நானே தீர்த்து வைப்பதென்று முடிவெடுத்தேன். குசினி வாசலில் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

"அருள், இந்தக் கட்டையை நானே வேரோட பறிக்கிறன். தனிய. ஒருத்தற்ர உதவியும் வேண்டாம்."

அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"எந்தக் கையால?"

"இந்தக் கையால."

"போன கிழமை ஜாம் போத்தில் மூடியைத் திறக்க ஏலாமல் பக்கத்து வீட்டுக்குக் கொண்டு ஓடின அந்தக் கையாலயோ?"

"அது இறுகிப்போன மூடியப்பா."

"அப்ப கட்டை மட்டும் இளகிப்போயே நிக்குது?"

கட்டை இளகவில்லைதான். மரமாக நின்ற காலத்தில் கொப்பெல்லாம் கூரைத் தகரத்தில் உரசுகிறதென்று ஆட்களைப் பிடித்து வெட்டினோம். வெட்ட வந்தவர்கள் முழங்கால் உயரத்துக்குக் கட்டையை விட்டுவிட்டார்கள். "சுவருக்குக் கிட்ட நிக்குது, நாங்கள் தொடமாட்டம்" என்று சொல்லிவிட்டு லொறியில் ஏறினார்கள். கிட்ட என்றால், கட்டைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கோழி பக்கவாட்டில்தான் போகலாம். வேர் ஒன்று வாசலுக்குக் கீழே போய் நிலத்தைக் கிளப்பிவிட்டது. பின்கதவு பூட்டுவதில்லை. அந்த இடைவெளியால் தெருவிலுள்ள பூனைகள் எல்லாம் எங்கள் வீட்டில் விருந்தாளிகள். இந்த நாட்டில் எத்தனையோ அரசு கவிழ்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். இந்தப் பூவரசு மட்டும் அசையவில்லை.

கட்டையில் எனக்கு ஏன் திடீரென்று இவ்வளவு கோபம்? உண்மையான காரணம் கட்டையல்ல. உண்மையான காரணத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரை எங்கள் வீட்டில் எடுக்கக் கூடாது. அது சட்டம். போட்டவன் நான். உங்களிடம் மட்டும் மெதுவாகச் சொல்கிறேன்: ஜக்சன். அருள்மலரின் ஒரே தம்பி.

முந்தி ஒருமுறை தண்ணி மோட்டரைத் திருத்த வந்தான். மோட்டர் அன்றைக்கே திருந்திவிட்டது. ஜக்சன்தான் திரும்பவில்லை. காற்றாடியைத் திருத்தினான். ஒழுகுகிற பைப்பைத் திருத்தினான். அடிக்காத மணிக்கூட்டை அடிக்க வைத்தான். வீட்டில் திருத்த ஒன்றும் மிச்சமில்லாமற் போனபோது என் மனைவி என்னைப் பார்க்கத் தொடங்கினாள். இடையிடையே ஓய்வெடுக்க அவனுக்கு என்னுடைய சாய்மனைக் கதிரை வேறு. நான் வேலையால் வந்து அதற்குப் பக்கத்தில் ஒரு குட்டி ஸ்டூலில் இருப்பேன்.

அதையும் பொறுத்தேன். ஒரு மத்தியானம் பாரைமீன் தலை அவனுடைய சோற்றுக் கோப்பைக்குப் போயிற்று. எங்கள் வீட்டில் மீன் தலை குடும்பத் தலைவனுக்கு. தலைக்குத் தலை. எனக்கு வந்தது வால் துண்டு. வாலைப் பார்த்தேன், தலையைப் பார்த்தேன், எழும்பி நின்று பிரகடனம் செய்தேன்.

"என்ர வாயால நான் கூப்பிட்டாலொழிய இவன் இந்தப் படி ஏறக் கூடாது! இவன்ர பேரை இந்த வீட்டில ஒருத்தரும் எடுக்கக் கூடாது! எங்க இருக்கிறான், என்ன செய்யிறான் எண்ட கதையும் எனக்கு வேண்டாம்!"

ஜக்சன் கையைக் கழுவினான். சாமான் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தான். அருள்மலர் ஒரேயொரு சொல் சொன்னாள்.

"சரி."

கலியாணம் கட்டியவர்களுக்கு விளங்கும். சண்டை பிடிக்கிற மனைவியால் ஆபத்தில்லை. 'சரி' என்கிற மனைவி இருக்கிறாளே, அவளுக்குத்தான் பயப்பட வேண்டும். எனக்கு அன்றைக்கு அது விளங்கவில்லை.

சட்டத்தை அவள் ஒரு நாளும் மீறவில்லை. தம்பியின் பெயரை எடுப்பதில்லை. அதற்குப் பதிலாக 'ஒரு ஆள்' என்று சொல்வாள். பல்பு பியூஸானால், "ஒரு ஆள் இருந்திருந்தா இப்ப வெளிச்சம் வந்திருக்கும்." கதவு பூட்டாவிட்டால், "ஒரு ஆள் இருந்திருந்தா இந்தக் கட்டை எப்பவோ போயிருக்கும்." பின்னேரம் செபம் சொல்லும்போது அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால், எனக்குக் கேட்கத்தக்க குரலில், "காணாமற் போனதையெல்லாம் தேடிக் குடுக்கிற அந்தோனியாரே, என்ர வீட்டில காணாமற் போனதையும் தேடித் தாரும்" என்பாள். அந்தோனியாரும் அவளுடைய கட்சிதான். சுரூபத்தை என் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தாள். அவளுடைய கண் கலங்கியிருப்பதை நான் கண்டிருக்கிறேன். எனக்கும் மனம் ஒரு மாதிரித்தான் இருந்தது. ஆனால் சட்டம் போட்டவனே சட்டத்தை மாற்றினால் பிறகு வீட்டில் எனக்கென்று என்ன இருக்கிறது? கதிரையும் மீன் தலையும் போய்விடும்.

ஆகவே கட்டையை நான் பறித்தாக வேண்டும். பறித்துவிட்டால் 'ஒரு ஆள்' தேவையில்லை.

எனக்குத் துறைமுகத்தில் உத்தியோகம். பெரிய பெரிய கப்பல்களைக் கயிற்றால் இழுத்துக் கட்டும்போது பக்கத்தில் நின்று பார்க்கிற உத்தியோகம். கட்டுகிறவர்கள் வேறு ஆட்கள். ஆனாலும் பார்த்துப் பார்த்தே எனக்குள் ஒரு எஞ்சினியர் வளர்ந்திருந்தான்.

எஞ்சினியர் முதலில் கோடாலியை எடுத்தான். ஓங்கிப் போட்ட போடில் கோடாலித் தலை கழன்று, மதிலைத் தாண்டி, பக்கத்து வீட்டுக்குள் போயிற்று. கொஞ்ச நேரத்தில் மதிலுக்கு மேலே இக்ராமின் தலை எழும்பியது. பஜாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறவர். நல்ல மனுசன். அவருடைய மனைவி ஜெஸீமாவும் அருள்மலரும் நகமும் சதையும்.

"அண்ணன், இது உங்கடயா?"

"ஓம் தம்பி. ஆருக்கும் படேல்லயே?"

"கோழிக் கூட்டுல பட்டிச்சி. கோழி எல்லாம் இப்ப எங்கட மத்த மதிலுக்கு அந்தப் பக்கம் போய் நிக்கிது."

அடுத்து நெருப்பு. கட்டையைச் சுற்றித் தேங்காய்ப் பொச்சு மட்டையை அடுக்கிக் கொளுத்தினேன். கட்டை எரியவில்லை. புகை மட்டும், பூட்டாத கதவைக் கண்டதும், நேரே குசினிக்குள் போயிற்று. உள்ளேயிருந்து இருமலுக்கு நடுவே ஒரு குரல் வந்தது.

"இஞ்சேருங்கோ! என்னை என்ன மாசிக் கருவாடாக்கப் போறீங்களோ?"

மூன்றாவதாக இக்ராமின் கடையிலிருந்து லொறி தூக்குகிற ஜக் ஒன்றை இரவல் வாங்கி வந்தேன். கட்டைக்கும் சுவருக்கும் நடுவில் அதைப் படுக்க வைத்துத் திருகினால் கட்டை அந்தப் பக்கம் சரியும். இது என்னுடைய சொந்தக் கண்டுபிடிப்பு. திருகிக்கொண்டிருக்கும்போது அருள்மலர் யன்னலால் எட்டிப் பார்த்தாள்.

"என்னது, ஜக்கோ?"

"அந்தப் பேரை எடுக்க வேண்டாமெண்டு சொல்லியிருக்கிறனெல்லே!"

"ஐயோ கடவுளே, நான் உங்கட கையில இருக்கிற ஜக்கைச் சொன்னனான்."

"அதை வேற பேரால சொல்லும்."

"சரி. உங்கட கையில இருக்கிற அந்த ஒரு ஆள், சுவரை எல்லே தள்ளுறார்?"

"உமக்கு எஞ்சினியரிங் விளங்காது. உள்ள போம்."

அவள் உள்ளே போனாள். நான் இன்னும் இரண்டு சுற்றுத் திருகினேன். ஏதோ அசைகிற சத்தம் கேட்டது. ஆகா என்று இன்னுமொரு சுற்றுப் போட்டேன். அசைந்தது கட்டையில்லை, சுவர். உள்பக்கத்தில் அந்தச் சுவரில்தான் எங்கள் சரக்குத் தட்டு இருந்தது. முதலில் மிளகாய்த்தூள் போத்தில் விழுந்தது. பிறகு மஞ்சள். பிறகு தட்டே விழுந்தது. வெளியே வந்த என் மனைவி பாதி சிவப்பும் பாதி மஞ்சளுமாக இருந்தாள். தும்மி முடிக்கும் வரைக்கும் எனக்கு உயிர் இருந்தது.

"கட்டையில போற வேலை!" என்றாள்.

"அப்பிடிச் சொல்லாதையும். நாங்கள் வேதக்காரர். கட்டையில போறேல்ல. பெட்டியில போறனாங்கள்."

"பெட்டி அடிக்கவும் பலகை வேணும். முதல்ல அந்த மரத்தைப் பறியுங்கோ."

சுவரில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. அருள்மலர் முகத்தைத் துடைத்துவிட்டு அதைத் தடவிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். குரல் தணிந்திருந்தது.

"இஞ்சேருங்கோ, மாரி வரப் போகுது. குசினி விழுந்தா நாங்கள் எங்க சமைக்கிறது? அந்தச் சட்டத்தை ஒருக்கா மாத்துவமே?"

"மாத்தேலாது."

"நான் வேற ஒண்டும் கேக்கேல்ல. உங்கட வாயால ஒரு சொல்."

"என்ர வாய் என்ர வாய்தான். ஏலாது."

"சரி," என்றாள். முகத்தைக் கழுவிக்கொண்டு ஜெஸீமா வீட்டுக்குப் போனாள்.

அடுத்த நாள் பின்னேரம் இக்ராம் மதிலடிக்கு வந்தார். நான் வெடிப்புக்குச் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருந்தேன். அவருக்குப் பின்னால் ஜெஸீமா உடுப்பு எடுத்துக்கொண்டிருந்தா. காய்ந்த உடுப்பை எடுக்க அவவுக்கு அன்றைக்கு ஏனோ நெடுநேரம் பிடித்தது.

"அண்ணன், எனக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இரிக்கார். இந்த மாதிரி வேலைக்கு அவர்தான் சரி."

"எந்த ஊர்?"

"கட்டைபறிச்சான்."

எனக்கு மயிர் கூச்செறிந்தது. மூதூர்ப் பக்கம், கொட்டியாரக் குடாவுக்கு அந்தக் கரையில் இருக்கிற ஊர். பஸ்ஸில் எத்தனை தரம் அந்த வழியால் போயிருப்பேன்! பெயர்ப்பலகையை எத்தனை தரம் வாசித்திருப்பேன்! பெயருக்குள்ளே இருந்த பொருள் அன்றைக்குத்தான் புத்தியில் உறைத்தது.

"இக்ராம், ஊருக்கு அந்தப் பேர் சும்மா வந்திருக்குமே? கட்டை பறிச்சான்! அப்ப அந்த ஊரில தலைமுறை தலைமுறையா கட்டை பறிக்கிறதுதான் தொழிலாயிருக்க வேணும்."

இக்ராம் மனைவி நின்ற பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "அப்பிடியும் இரிக்கலாம் அண்ணன்."

"இருக்கலாம் எண்டில்ல, அதுதான். யோசிச்சுப் பாரும். அந்த வயல் வெளியில எங்கயாவது ஒரு கட்டை நிக்கிறதைக் கண்டிருக்கிறீரே?"

"இல்ல."

"எல்லாம் பறிச்சு முடிச்சிட்டினம்!"

ஜெஸீமாவுக்கு இருமல் வந்தது. உடுப்புக் கூடையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டா. தூசி கூடிய காலம்.

"ஆனா அண்ணன், அவர் ஒரு கொள்கைக்காரர். இடையில ஆள் விட்டா வரமாட்டார். வீட்டுக்காரர் தன்ட வாயால கூப்பிடணுமாம்."

"நல்ல வேலைக்காரருக்கு அந்தத் திமிர் இருக்கும். இருக்கத்தான் வேணும். போனைத் தாரும், வொய்ஸ் ஒண்டு அனுப்புவம்."

இக்ராம் போனை என் வாய்க்கு நேரே பிடித்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"வணக்கம் ஐயா. இக்னேசியஸ் கதைக்கிறன். இது என்ர வாயால நானே கூப்பிடுறது. நீங்கள் வாற சனிக்கிழமை கட்டாயம் எங்கட வீட்டுக்கு வரவேணும். என்ர வீட்டை உங்கட வீடு மாதிரி நினையுங்கோ. கட்டை வெளிய போகுமட்டும் நீங்கள் வெளிய போகக் கூடாது. இடையில போறனெண்டு நிண்டா எனக்குக் கோவம் வரும், சொல்லிப்போட்டன். சாய்ஞ்சு படுக்க நல்ல கதிரை இருக்கு. சாப்பாட்டுக்கு யோசிக்காதேங்கோ. மீன் தலை உங்களுக்குத்தான்."

"தல எல்லாம் சொல்லத் தேவல்ல அண்ணன்," என்றார் இக்ராம். பாவம், அவருக்கே மனம் கேட்கவில்லை.

"சும்மா இரும் தம்பி. கெட்டிக்காரரை இப்பிடித்தான் வளைச்சுப் பிடிக்க வேணும்."

பதிலுக்கு ஒரு பெருவிரல் படம் மட்டும் வந்தது. கதை குறைவு, வேலை கூட என்று நினைத்துச் சந்தோசப்பட்டேன். வீட்டுக்குள் போய் அருள்மலருக்கு அறிவித்தேன்.

"சனிக்கிழமை கட்டைபறிச்சான் ஆள் வாறார்."

"அப்பிடியோ? ஆர் கூப்பிட்டது?"

"நான்."

"உங்கட வாயாலயோ?"

"பின்னை உம்மட வாயாலயோ?"

அவள் அரிசிச் சுளகை வைத்துவிட்டு மதில் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "ஜெஸீமா! இவர் தன்ர வாயாலயே கூப்பிட்டவராம்!"

"காதால கேட்ட நான்!" என்று அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது.

என்னுடைய திறமையைத் தெருவுக்கே சொல்கிறாள் என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை. சனிக்கிழமை காலமை அவள் சந்தைக்குப் போய் ஒரு முழுப் பாரை வாங்கி வந்தாள். வீட்டைக் கூட்டினாள். தலையணைக்கு உறை மாற்றினாள். கட்டை பறிக்க வருகிறவருக்கு இவ்வளவு உபசாரம் ஏன் என்று கேட்டேன். "நீங்கள் கூப்பிட்ட ஆளெல்லோ, உங்கட மரியாதையைக் காப்பாத்த வேணும்" என்றாள். நான் தோய்த்த சேர்ட்டைப் போட்டுக்கொண்டு தெருப் படலையடியில் நின்றேன்.

ஓட்டோ வந்து நின்றது. முதலில் ஒரு சாமான் பை இறங்கியது. பிறகு ஒரு பாய். பிறகு ஒரு சாக்கு வெங்காயம். கடைசியாக ஜக்சன் இறங்கினான்.

நான் அவனை விலத்தி ஓட்டோவுக்குள் எட்டிப் பார்த்தேன். வேறு ஒருவரும் இல்லை.

"ஆள் எங்க?"

"நான்தான் அத்தான் ஆள்."

"நீ இஞ்ச பக்கத்தில உப்புவெளியில எல்லோ இருந்தனீ!"

"அது முந்தி அத்தான். கட்டைபறிச்சானில காணி எடுத்து வெங்காயம் போட்டு இப்ப கனகாலம். உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லயோ?"

எப்படிச் சொல்வார்கள்? சொல்லக் கூடாதென்று சட்டம் போட்டவன் யார்? நான் வாயைத் திறந்தேன். "நான் உன்னைக் கூப்பிடேல்..." என்று தொடங்கவே, மதிலுக்கு மேலே இக்ராமின் கை எழும்பியது. கையில் போன். போனுக்குள்ளிருந்து என்னுடைய குரல், கோயில் ஒலிபெருக்கி மாதிரி: 'என்ர வீட்டை உங்கட வீடு மாதிரி நினையுங்கோ...' தெருவில் போன மீன்காரர் கூடச் சைக்கிளை நிறுத்தி முழுவதையும் கேட்டார். மீன் தலையைப் பற்றிச் சொன்ன இடத்தில் அவர் தலையாட்டினார்.

அருள்மலர் வாசலுக்கு ஓடி வந்தாள். தம்பியின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். "மெலிஞ்சு போனாய்" என்று சொல்லி அழுதாள். அவன் மெலியவில்லை. நன்றாகக் கொழுத்திருந்தான். ஆனாலும் அவளுடைய அழுகை நிற்கவில்லை. இவ்வளவு நாளும் இதை அடக்கி வைத்துக்கொண்டா எனக்குச் சோறு போட்டாள் என்று வெட்கமாக இருந்தது. அதை நான் வெளியில் காட்டவில்லை. தலையைக் கொடுத்தாயிற்று, நெஞ்சையும் கொடுத்தால் பிறகு என்னிடம் மிச்சம் என்ன?

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் என்னிடம் வந்தாள். "நான் சட்டத்தை மீறேல்லத்தானே?"

"இல்லை," என்றேன். என்ன செய்வது, மீறவில்லை.

ஒரு ஆறுதல் இருந்தது. ஆள் கெட்டிக்காரன். மத்தியானத்துக்குள் கட்டையைப் பறித்துவிடுவான். பின்னேரம் கடைசி பஸ்ஸில் ஏற்றிவிடலாம். ஜக்சன் கட்டையைச் சுற்றி வந்தான். தட்டிப் பார்த்தான். நிலத்தில் படுத்து வேரைப் பார்த்தான். வெடிப்பைப் பார்த்தான். என் சுண்ணாம்புப் பூச்சைப் பார்த்தபோது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"பறிக்க ஏலாது அத்தான்."

"என்ன?"

"வேர் அத்திவாரத்துக்குக் கீழால போயிருக்கு. இழுத்தா குசினியும் சேர்ந்து வரும். உக்க விட வேணும்."

"உக்க விடுறதோ?"

"ஓம். ஓட்டை போட்டு, யூரியா நிரப்பி, ஈரச் சாக்கால மூடி விடுறது. அது தன்ர பாட்டில மண்ணாய் உக்கி உதிரும்."

சொன்னபடியே செய்தான். போகிற போக்கில் பின்கதவைக் கழற்றி அடிப்பக்கத்தைச் சீவி மாட்டினான். கதவு சொடக்கென்று பூட்டியது. பூனைகள் வெளியே நின்று கத்தின. வெடிப்புக்குச் சீமெந்து வைத்தான். சரக்குத் தட்டை வேறு சுவரில் அடித்தான். எல்லாம் முடிந்து அவன் என்னுடைய கதிரையில் சாய்ந்தபோது நான் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு மெல்லக் கேட்டேன்.

"உக்க எவ்வளவு காலம் எடுக்கும்?"

"பூவரசெல்லே அத்தான், வைரமான மரம். நாலைஞ்சு மாரி போக வேணும்."

"அதுவரைக்கும் உன்ர வெங்காயம்?"

"பங்குக்காரர் பாக்கிறார். கட்டை வெளிய போகுமட்டும் போகக் கூடாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். நீங்கள் கோவிச்சா அக்காவுக்குத் தாங்கேலாது."

குசினிக்குள்ளிருந்து பாரைத் தலை கறியின் வாசம் வந்தது. எனக்கு வால் துண்டோடு கொஞ்சம் குழம்பு கூடுதலாக வந்தது. அது அவளுடைய நல்ல மனம்.

அன்றையிலிருந்து எனக்கு ஒரே வேலைதான். விடிய எழும்பினதும் ஒரு தடியோடு கட்டையடிக்குப் போவேன். உக்கிவிட்டதா என்று சாக்குக்கு மேலால் குத்திப் பார்ப்பேன். செபமாலையை விட ஒழுங்காக இதைச் செய்தேன். மழை பெய்தால் சந்தோசப்பட்டேன். கறையான் ஒன்று வழியில் கண்டால் அதைக் கொண்டுபோய் அங்கே விட்டேன்.

நேற்றுக் காலமை போனால் சாக்கைக் காணவில்லை. கட்டையின் விளிம்பைச் சுற்றிப் பச்சைப் பசேலென்று கை நிறையத் துளிர். யூரியா பயிருக்குப் போடுகிற பசளையென்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பக்கத்தில் அருள்மலர் அரிசி கழுவின தண்ணியை வேரடியில் மெல்ல ஊற்றிக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டதும் சட்டியை ஒளிக்கவில்லை.

"பாவமப்பா," என்றாள், "அதுவும் ஒரு சீவன்தானே, அது போற நேரம் போகட்டும்."